பூந்தொட்டியிலிருந்து எடுத்த பிடிமண்

மேடையேறினால் எனக்குக் கை நடுங்கும். அதனால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் பேசுவேன். அன்று பிடித்துக்கொண்டது மண்ணை.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட் வாசகசாலையில், மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றிய பழைய நாவல் ஒன்றின் வரலாற்று, பண்பாட்டுக் குறிப்புகளை விளக்க அழைத்திருந்தார்கள். கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்து பாலக்காட்டில் தமிழ்ப் பாடம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? (விஷயம்தான். கேட்கப்போகிறவர்கள் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள். பஸ்ஸில் குறிப்பேட்டைத் திறந்தால் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. பழியை மலைவளைவுகள்மேல் போட்டேன்.)

நாவலில் ஒரு குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிடிமண் எடுத்துவரும். ஊர்ச்சாமியைப் புது இடத்துக்கு அழைத்துப்போக, கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, வழியில் எங்கும் கீழே வைக்காமல் கொண்டுவருவார்கள். இறக்கி வைத்த இடம் சாமியின் இடம். இதை நடித்தே காட்டிவிடலாம் என்று எனக்குள் இருந்த கோமாளி யோசனை சொன்னான். லாட்ஜ் வராந்தாவில் பூந்தொட்டி இருந்தது. ஒரு பிடி அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டேன்.

"இதோ, பிடிமண்" என்று மேடையில் முடிச்சை உயர்த்தினேன். கூட்டம் சட்டென்று அடங்கியது. என் பேச்சின் மகிமை என்று நினைத்தேன். முன்வரிசையில் சிலர் செருப்பைக் கழற்றினார்கள். அப்போதும் உறைக்கவில்லை. முடிச்சைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் செல்லத்தாய் அக்காவுக்கு உடம்பு ஆட ஆரம்பித்தது. (எஸ்டேட் கோயிலில் அருள்வாக்கு சொல்கிறவர் என்பதைப் பின்னால்தான் சொன்னார்கள்.) கூந்தல் அவிழ, நேராக என்னிடம் வந்தார்.

"யாரலே கூட்டிட்டு வந்திருக்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஓடலாமென்றால் வாசல் அவருக்குப் பின்னால் இருந்தது. வாய்க்கு வந்த சாமி பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் சாமியிடமே பொய் சொல்ல நெஞ்சு துணியவில்லை. உண்மையைச் சொன்னால் இத்தனை பேரும் சும்மா விடுவார்களா?

"லாட்ஜ் பூந்தொட்டி மண்ணாக்கும்மா. பேச்சுக்காக எடுத்துண்டு வந்தேன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்குக்குக் கேட்டுவிட்டது. ஒருவரும் சிரிக்காததுதான் இன்னும் பயமாக இருந்தது. செல்லத்தாய் அக்கா என் நெற்றி நிறைய விபூதியை அப்பினார்.

"எந்த மண்ணா இருந்தா என்ன? பிடிமண்ணுன்னு சொல்லி எறக்கி வச்சிட்டல்லா. இனி வருசா வருசம் நீதான் வந்து பொங்கல் வைக்கணும்."

தலையாட்டினேன். வாசகசாலை ஓரத்தில் இப்போது ஒரு கல் நிற்கிறது. ஒவ்வொரு சித்திரைக்கும் போய்ப் பொங்கல் வைக்கிறேன். முதல் வருடம் அடிபிடித்துப்போய், சாமி கோபித்துக்கொண்டதோ என்று ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் பயந்துகொண்டே வந்தேன். இன்றும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை.

போன மாதம் மகள் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர், குலதெய்வம் எது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"பழசு தஞ்சாவூர்ப் பக்கம் எங்கயோ, யாருக்கும் தெரியலை. இப்போ உடும்பஞ்சோலை. இவர்தான் தொட்டியிலேர்ந்து அழைச்சுண்டு வந்தார்."

ஜோசியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.