தவணையில் ஒரு காடு

"மோட்டார் இருக்குல்ல? அப்ப வண்டிதான். வண்டி உள்ள போகக்கூடாது."

ஃபாரஸ்ட் கார்டு வீரய்யா, காட்டு நுழைவுக் கொட்டகை வாசலில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வண்டி இல்லைங்க, நாக்காலி" என்றார் ரத்தினவேல். "பேட்டரியில ஓடுற நாக்காலி. பினாங்குல இருந்து கப்பல்ல கொண்டாந்தது."

"நாக்காலின்னா போட்ட எடத்துல கெடக்கணும். இது ஓடுதே."

"சரி, காலுன்னு வச்சுக்கங்க. எனக்கு இதுதான் காலு."

"காலுன்னா முள்ளுக் குத்தினா நொண்டணும்."

"இதுவும் நொண்டும். சந்தேகமா இருந்தா குத்திப் பாருங்க."

வீரய்யா சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. வைகாசி வெயிலில் மடியில் ஒரு போர்வை வேறு. ஆளின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோம் போலிருக்கிறது என்று எடை போட்டார் ரத்தினவேல். பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். படியேறுகிற ஆளைப் பார்த்தே பட்டா பருத்தியா என்று சொல்லிவிடுவார். வாசலில் ஆள் வந்து நின்றால் முதலாளி எழுந்திருக்க வேண்டும் என்பது அவர் படித்த ஒரே சாஸ்திரம்.

கிடங்கில் சரக்கு மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்தபிறகு, அவர் போன இடமெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாருடையதாவது இரண்டு கைகள் இருந்தன. பெரும்பாலும் மனைவி அமிர்தவல்லியின் கைகள். அன்பான கைகள்தான். ஆனால் அவள் நின்றால் இவர் நிற்க வேண்டும். அவள் பார்ப்பதை இவர் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் போனால் சாமியைவிட வளையல் கடையைத்தான் அதிக நேரம் தரிசித்தார்.

அதனால்தான் இந்தப் பேட்டரி நாற்காலி. அதனால்தான் இந்தக் காடு. அரிமளத்துக்கு அந்தப் பக்கம், சமஸ்தான காலத்தில் மகாராசாவின் வேட்டைக்காடு. சின்ன வயதில் அவர் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தது. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தபின், நடந்து போகிறவர்களை ஒற்றையடிப் பாதையில் விட்டார்கள். பாதை முடிகிற இடத்தில் ஒரு கண்மாய். மான் தண்ணீர் குடிக்க வருமாம். அதை ஒரே ஒரு தடவை, முதுகுக்குப் பின்னால் கையில்லாமல், தானாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும். மாட்டுவண்டியில் ஏற்றிவந்த ஆண்டிச்சாமியைக்கூட, "வெயில் தாழ வந்தாப் போதும்" என்று விரட்டியாகிவிட்டது.

"கண்மாய் வரைக்கும் விடுங்க" என்று பேரத்தை ஆரம்பித்தார்.

"ஆகாது."

"பாதி தூரம்?"

"ம்ஹூம்."

"அந்தா, கண்ணுக்குத் தெரியுற பாலை மரம். அது வரைக்கும்?"

வீரய்யா மோவாயைத் தடவினார். "போங்க. ஆனா திரும்பி வந்து என்னென்ன பாத்தீங்கன்னு ஒண்ணுவிடாமச் சொல்லணும். சொன்னாத்தான் மேக்கொண்டு விடுவேன்."

ரத்தினவேலுக்கு உள்ளூரச் சிரிப்பு. ஒரு முழம் கிழிக்கச் சம்மதித்தவன் தலையில் முழுப் பீஸையும் கட்டிவிட அவருக்குத் தெரியும்.

"செங்கமலம், கம்பைத் தூக்கு!" என்று வீரய்யா குரல் கொடுத்தார். கொட்டகைக்குள்ளிருந்து அவர் மனைவி வந்து வழிமறிப்புக் கம்பைத் தூக்கினாள். சேலைக்கு மேல் புருசனின் காக்கிச் சட்டை, கையில் புருசனின் தடி. ரோந்தும் அவள்தான் போலிருக்கிறது. சர்க்கார் சம்பளம் வாங்கினால் முட்டி நிமிராதாக்கும் என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை முடுக்கினார்.

பாலை மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

"பழுத்திருக்கா?" என்றார் வீரய்யா.

"கவனிக்கலையே."

"அப்ப என்னத்தப் பாத்தீங்க? போயிப் பாத்துட்டு வாங்க."

போனார். பழுத்திருந்தது. வந்து சொன்னார். அடுத்த தவணை, பெரிய புற்று வரைக்கும்.

"பக்கத்துல தேன்கூடு இருக்குமே?"

"இருக்கு."

"எந்தக் கொப்புல?"

மறுபடி போனார். மரத்தைத் திருடுகிறவன் என்று சந்தேகப்பட்டுத்தான் துருவுகிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இதற்கு மருந்து ஒன்றுதான். மூன்றாவது தவணையில் திரும்பியதும் அவர் காட்டைப் பட்டுச்சேலை போல விரித்துப் போட்டார். சேலை உடலில் வெயில் எப்படிப் புள்ளி புள்ளியாக விழுந்தது, முந்தானையில் மயில் எப்படி நின்றது, கரையில் ஈச்சம்பழம் எப்படிச் சிவந்திருந்தது.

வீரய்யா கண்ணை மூடிக் கேட்டார். "மயிலு எந்தப் பக்கம் திரும்பித் தோகையை விரிச்சுச்சு?"

"என்னைப் பாத்துத்தான்."

"குடுத்துவச்ச ஆளு" என்றவர், கண்ணைத் திறந்து நாற்காலியை மேலும் கீழும் அளந்தார். "இது மணல்ல போகுமா? எம்புட்டுக் கனம் தாங்கும்? ஒங்களைவிடத் தடிச்ச ஆளுன்னா?"

அபராதம் தீட்ட விவரம் எடுக்கிறான் என்று ரத்தினவேலுக்குப் புரிந்துபோயிற்று.

"அதெல்லாம் அப்பறம். இப்ப கண்மாய்?"

"போங்க" என்றார் வீரய்யா. "மானு வந்தா அசையாம இருங்க."

பேரத்தில் ஜெயித்துவிட்டார். ஆனால் ஒரே தடவை கண்மாய் போய்வர வேண்டிய பேட்டரி, போய்ப்போய் வந்ததில் தேய்ந்து, கண்மாய்க் கரை ஈரமணலில் ஒரு முனகல் முனகி உயிரை விட்டது.

அசையாமல் இருப்பதற்கு அவர் முயற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மான்கள் வந்தன. ஒரு பெட்டை தண்ணீரில் வாய்வைக்குமுன் அவரை நிமிர்ந்து பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாற்காலியைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை, ஐயோ பாவம் என்கிற அந்தப் பார்வையும் இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். பிறகு குனிந்து குடித்தது. ரத்தினவேலுக்குக் கண் கரித்தது. பினாங்கிலிருந்து கப்பல் ஏறியது இதற்குத்தான் என்று பட்டது.

மான்கள் போனபின்தான், தான் போக முடியாது என்பது உறைத்தது.

"கார்டு! ஓய் கார்டு!"

தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினார். கடைசியில் வந்தது செங்கமலம். பின்னால் போய் நின்று, நாற்காலி முதுகில் கைவைத்துத் தள்ளினாள். இரண்டு கைகள்! எதிலிருந்து தப்பித்து இவ்வளவு தூரம் வந்தாரோ, அதே இரண்டு கைகள். பழக்கப்பட்ட கைகள் மாதிரி, வேர் வந்த இடத்தில் தூக்கி, பள்ளம் வந்த இடத்தில் இழுத்துப் பிடித்தன. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

கொட்டகைக்கு வந்தால் வீரய்யா அதே இடத்தில், அதே போர்வையோடு.

"மானு வந்துச்சா?" என்றார் ஆவலாக.

அவ்வளவுதான். ரத்தினவேல் வெடித்துவிட்டார்.

"மானாம் மானு! காக்கிச் சட்டை இந்தம்மாவுக்கு, ரோந்து இந்தம்மாவுக்கு, சம்பளம் மட்டும் ஒனக்கா? ரேஞ்சருக்கு எழுதி ஒன் வேலையத் தொலைச்சுட்டுத்தான் மறுவேலை! உள்ள ஒரு மனுசன் கெடந்து கத்துறான், எந்திரிச்சு வர்றதுக்கு ஒனக்கு என்னய்யா கேடு?"

வீரய்யா நாற்காலிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த கண்மாய் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கமலம் தடியைச் சுவரில் சாத்தினாள்.

"அந்தக் கண்மாய்க் கரையில மரம் சாஞ்சு, அவுக இடுப்புக்குக் கீழ உணர்வு போயி மூணு வருசமாச்சுண்ணே. அவுக எந்திரிச்சு வரணும்னா, மொதல்ல நீங்க அந்த நாக்காலியை விட்டு எறங்கணும்."