மாமா கார் சக்கரத்துக்கு எண்ணெய்க் காப்பு

யாரும் பார்க்காத இடத்தைச் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம். பீரோவுக்குப் பின்பக்கம், ஃபேன் இறக்கையின் மேல்பக்கம், மிக்ஸியின் அடிப்பக்கம் என்று கை வைக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் அந்த உற்சாகத்தில் அடுத்து எதைக் கழற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. நான் காரின் சக்கரத்தைக் கழற்றினேன். அதன் உள்பக்கத்தைச் சுத்தம் செய்வதற்காக. கார் என்னுடையதும் இல்லை.

அப்போது எனக்குப் படிப்பு முடிந்து முதல் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் கொஞ்சம், மிதப்பு நிறைய. சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டில் அம்மா, அக்கா கோமதி, நான். அப்பா காலமாகிவிட்டார். அதனால் பெரியவர்கள் வந்து நிற்க வேண்டிய காரியங்களுக்கெல்லாம் அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அடுத்த தெருவிலிருந்து வந்து நிற்பார்.

அக்கா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளைப் பலபேர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், பாடத் தெரியுமா என்று கேட்பார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்துகொள்வார்கள். ஒரு ஊரிலிருந்தும் சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. "இனிமே யாரு முன்னாடியும் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்" என்று அக்கா சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்த நேரத்தில்தான் ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோவை வாங்கிப் பார்த்தவள் அதை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் வேறு விஷயம் பேசினாள். பிறகு, "சரி, வரச் சொல்லுங்க. ஆனா இதுதான் கடைசி" என்றாள். அந்தக் குரலை அம்மாவும் கவனித்தாள், நானும் கவனித்தேன். இந்த வரன் மட்டும் தட்டிப் போகக் கூடாது என்று வீட்டில் ஆளுக்கு ஒரு சாமியிடம் சொல்லி வைத்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வருவதாக ஏற்பாடு. ஸ்டேஷனிலிருந்து மாமாவின் காரில் அவர்களை அழைத்து வருவது என் பொறுப்பு. (ஆட்டோ வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

மாமா அந்த வெள்ளைக் காரை தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் துடைப்பார். எல்லாம் வெளிப்பக்கம்தான். சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே குனிந்து பார்த்தால் உள்ளே பிரேக்கிலிருந்து உதிர்ந்த கரித்தூளும், எந்தக் காலத்திலோ ஒட்டிய வயல் சேறும் அப்பிக் கிடந்தன. சலவை வேட்டி கட்டி வந்தவர் சிரிக்கும்போது பல்லிடுக்கில் கீரை தெரிவது மாதிரி இருந்தது.

"மாமா, சக்கரத்துக்கு உள்ள ஒரே கரியா இருக்கு."

"அத எவம்லே குனிஞ்சு பாக்கப் போறான்?"

"மாப்பிள வீட்டுக்காரங்க பாப்பாங்கல்லா."

"அவங்க பொண்ணப் பாக்க வாராங்களா, டயரப் பாக்க வாராங்களா?"

இதைவிடத் தெளிவாக ஒருவருக்குப் புத்தி சொல்ல முடியாது. நான்தான் ஏற்கெனவே போனில் வீடியோ பார்த்திருந்தேனே! ஒரு வெள்ளைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அழுக்கு ஒட்டாமலிருக்க ஏதோ ஒன்றைப் பூசினார். அதைப் பாதி பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மீதிப் பாதியைப் பார்க்கவில்லை.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் காரை எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, ஜாக்கி வைத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிப் போட்டேன். தேங்காய் நார், பழைய டூத் பிரஷ், அக்காவின் ஷாம்பு. (அவள் தலைக்கு எதைப் போட்டுக் குளித்தாள் என்று அப்போது யோசிக்கவில்லை.) தேய்க்கத் தேய்க்கச் சக்கரத்தின் உள்வளையம் எவர்சில்வர் வாளி மாதிரி வந்தது. பெருமை தாங்காமல் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கம் தெரியுத மாதிரி மாட்டுவியா?"

"இல்லம்மா, இது உள்ள போயிரும்."

"பெறகு எதுக்குய்யா?"

இந்தக் குடும்பத்தில் நுட்பமான வேலையை ரசிக்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பின்சக்கரங்களைக் கழற்றப் பொறுமை இல்லை. அந்தச் சோம்பல்தான் மறுநாள் எங்கள் உயிரைக் காப்பாற்றியது.

காலையில் சக்கரங்களை மாட்டப் போனால் பகீரென்றது. சக்கரம் பொருந்துகிற இடத்தில் வட்டமாக ஒரு இரும்புத் தட்டு இருக்கும், பிரேக் டிஸ்க். அதன்மேல் நான் அடித்த தண்ணீரில் ஒரே இரவில் செங்காவி நிறத்தில் துருப் பிடித்திருந்தது. மாமா கார்! எங்கள் வீட்டில் இரும்பு என்றால் அதற்கு ஒரே வைத்தியம்தான். அரிவாள்மனையா, எண்ணெய். கதவுக் கீலா, எண்ணெய். தோசைக்கல்லா, கேட்கவே வேண்டாம். அந்த டிஸ்க்கும் அச்சு அசலாகத் தோசைக்கல் மாதிரியே இருந்தது. சுத்தம் செய்த பிறகு ஏதாவது பூசிப் பாதுகாக்க வேண்டும் என்று வெள்ளைக்காரரும் சொல்லியிருந்தார் அல்லவா? அம்மாவின் நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்தேன்.

துணியை நன்றாக நனைத்து டிஸ்க்கின் இரண்டு பக்கமும் தேய்த்தேன். சக்கரத்தின் உள்வளையத்துக்கும் டயரின் உள்பக்கத்துக்கும் ஒரு கை. கோயிலில் மூலவருக்கு எண்ணெய்க் காப்பு செய்கிறவர்கூட அவ்வளவு பக்தியோடு செய்திருக்க மாட்டார். வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்க்காததுதான் பாக்கி.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வண்டி வழுவழுவென்று போனது. நிறுத்த நினைத்த இடத்தில் நிற்காமல், டீக்கடையைத் தாண்டிப் போய் நின்றது. எல்லாம் நாம் செய்த பராமரிப்பு என்று பூரித்துப்போனேன்.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். நான் முன்சக்கரம் அவர்கள் கண்ணில் படும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தேன். அவர்கள் மறுபக்கமாகச் சுற்றிப் போய் ஏறிக்கொண்டார்கள். மாப்பிள்ளை முன்னால், பெரியவர்கள் பின்னால்.

இரண்டு மூன்று திருப்பத்தில் பிரேக்கை மிதித்திருப்பேன். பின்சீட்டில் அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார்.

"யாரு வீட்டுலயோ தோச சுடுதாங்க. நல்லெண்ணெய் வாசம் கும்முனு வருது."

"இந்நேரத்துக்கு என்ன தோச?" என்றார் அவர் கணவர்.

அடுத்த தெரு. "இந்தத் தெருவுலயும் தோசதான்."

"எங்க ஊருல அப்படித்தான் அத்தே" என்றேன். எனக்கும் தோசை வாசம் வரத்தான் செய்தது. ஊர்ப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெரு வாய்க்காலை நோக்கிச் சரிவாக இறங்கும். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் நேராக வயல். தெருவின் நடுவில் எங்கள் வீடு. வாசலில் அம்மா கைகூப்பி நின்றாள். பக்கத்தில் மாமா, தோளில் புதுத் துண்டோடு. எதிர்வீட்டு ஜன்னல்களில் எல்லாம் தலைகள். நான் பிரேக்கை மிதித்தேன்.

வண்டி நிற்கப்போவது போல ஒரு பாவனை செய்தது. ஆனால் நிற்கவில்லை. முழு பலத்தையும் போட்டு மிதித்தேன். எண்ணெய் படாத பின்சக்கரங்களின் புண்ணியத்தில் நடந்து போகிற வேகத்துக்கு வந்தது, அதற்குக் கீழே குறைய மறுத்துவிட்டது. கும்பிட்ட கையோடு நிற்கும் அம்மாவை மெதுவாகக் கடந்தோம். மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியாகக் கைகூப்பிப் பதில் வணக்கம் சொன்னார். சப்பரத்தில் சாமி போவது போல எங்கள் வீட்டை நாங்களே தாண்டிப் போனோம்.

"தம்பி, அங்கன கும்பிட்டுட்டு நின்னது உங்க அம்மாதான?"

"ஆமா அத்தே."

"பெறகு எங்கன போறோம்?"

"எங்க ஊரு வயல் ரொம்ப நல்லா இருக்கும் அத்தே. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம்."

மாப்பிள்ளை திரும்பி என் காலைப் பார்த்தார். அது ஆர்மோனியத் துருத்தி மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தி, "பிரேக்கு இல்லையா?" என்றார்.

"இருக்கு. பிடிக்க மாட்டேங்கு."

"ஹேண்ட் பிரேக்?"

"அது மாமா துண்டு தொங்கவிடுததுக்கு."

அவர் பதறவில்லை. "சரி. பைய வயல்ல எறக்கிருங்க. வாய்க்கால்ல மட்டும் விட்டுராதீங்க" என்றார், இடதுபக்கம் திரும்புங்கள் என்று வழி சொல்கிற மாதிரி. இவர்தான் எனக்கு அத்தான் என்று அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். அவர் என்ன முடிவு செய்தார் என்பதுதான் தெரியவில்லை.

நடவுக்காக உழுது, தண்ணீர் கட்டி, குழைத்து வைத்திருந்த வயல். வண்டி பாலத்தைத் தாண்டி, வரப்பை ஏறி இறங்கி, சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து, கடைசியில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா கதவைத் தள்ளித் திறந்து ஒரு காலை வைத்தார். முழங்கால் வரை போய்விட்டது. காலை எடுத்தபோது செருப்பு வரவில்லை.

தெருவே ஓடி வந்தது. முதலில் வந்து சேர்ந்தது அக்கா. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். தலையில் மல்லிகைப்பூ ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. மாப்பிள்ளை இருக்கிற பக்கமே பார்க்கவில்லை. நேராகச் சேற்றில் இறங்கி, "அத்தே, கையக் குடுங்க. பைய, பைய. எடது கால மொதல்ல எடுங்க" என்று அந்த அம்மாளைப் பிடித்தாள். இரண்டு எட்டு நன்றாகத்தான் வைத்தார்கள். மூன்றாவது எட்டில் அந்த அம்மாள் வழுக்க, அக்காவும் சேர்ந்து வழுக்க, இருவரும் சேற்றில் சப்பென்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அம்மாள் அக்காவின் மூக்கில் இருந்த சேற்றைப் பார்த்தார். முதலில் அவர் சிரித்தார். அடுத்து அக்கா சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. மாப்பிள்ளை தன் அம்மாவின் கைப்பையைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். பாடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

மாமா மட்டும் முன்சக்கரத்தின் அருகே குனிந்தார். அதிலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி, "மன்னிக்கணும். பழைய வண்டி. பிரேக்கப் பாக்காம அனுப்புனது என் தப்பு" என்று கைகூப்பினார். பிள்ளை மாதிரி அவர் துடைத்து வைத்திருந்த வண்டி வயலில் கிடந்தது; பழியையும் அவரே வாங்கிக்கொண்டார். என் பக்கத்தில் வந்தபோது காதோடு கேட்டது இவ்வளவுதான்: "ஏலே, சக்கரத்த யாராது பாத்தாங்களாலே?"

வீட்டுக்கு வந்து எல்லாரும் குளித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மாமாவின் வேட்டி, அம்மாவுக்கு எங்கள் அம்மாவின் சேலை, மாப்பிள்ளைக்கு என் கைலி. ஆளாளுக்குப் பொருந்தாத உடுப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கேசரித் தட்டைக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் டிபனோடு எழுந்துவிடுவார்கள். சம்பந்தம் பேசி முடிவானால்தான் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். இந்த நிலைமையில் அவர்கள் கேசரியைத் தொட்டாலே பெரிது. சொல்லி அனுப்புகிறோம் என்ற வார்த்தைக்காக நாங்கள் காத்திருந்தோம்.

அந்த அம்மாள் தன் கணவரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் என் கைலியில் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, எலையப் போடுங்க" என்றார் அந்த அம்மாள்.

அம்மாவுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "எலையா?"

"ஆமா, பசிக்குல்லா. வீட்டுல என்ன சோறு இருக்கோ அது போதும்."

இருந்ததெல்லாம் எங்களுக்காக வைத்த ரசமும் கத்திரிக்காய்ப் பொரியலும்தான். அம்மா கேசரித் தட்டோடு நின்றபடியே அழ ஆரம்பித்தாள். நான் வாழை இலை அறுக்கக் கொல்லைப்பக்கம் ஓடினேன். அவசரத்தில் இலைகள் கிழிந்து கிழிந்து வந்தன. அக்கா பின்னால் வந்து கத்தியை வாங்கிக்கொண்டாள். அறுத்துக்கொண்டே சொன்னாள்.

"வண்டி நிக்காமப் போச்சுல்லா, நான் மாடி ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தேம்லே. இந்தத் தடவ வீட்டுக்குள்ளகூட வர மாட்டாங்க போலுக்குன்னு நெனச்சேன். தலையில இருந்து பூவ எடுத்துட்டு இருக்கும்போதுதான் வயல்ல எறங்கிட்டுன்னு சத்தம் கேட்டுச்சு."

அக்கா இலையை என் கையில் கொடுத்து, "கிழிச்சிராமக் கொண்டு போ" என்றாள்.

அந்தக் கல்யாணம் நடந்து, அக்காவுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். என்னைத் திட்ட அத்தனை பேருக்கும் நியாயம் இருந்தது, ஒருவரும் திட்டவில்லை. அந்த நன்றி எனக்கு ஆயுசுக்கும் தீராது. மாமாவுக்கும், அத்தானுக்கும், மிதித்த நடவு வயலுக்கு ஒரு பைசா வாங்க மறுத்த பக்கத்துத் தெருக்காரருக்கும் சேர்த்துத்தான். அக்காவின் மாமியாருக்கு மட்டும் ஒரு பலத்த சந்தேகம். "எங்க நாங்க வேண்டாம்னு போயிருவோமோன்னு இவன் வேணும்னே திட்டம் போட்டு வயல்ல எறக்கிட்டான்" என்று எல்லா விசேஷத்திலும் சொல்லுகிறார். மறுத்து மறுத்து நானும் ஓய்ந்துவிட்டேன்.

விளைவு, சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனாலும் எனக்கு போன் வருகிறது. மாப்பிள்ளை வீட்டாரை நான்தான் வண்டியில் கூட்டிவர வேண்டுமாம், கைராசியாம். கேலியாகத்தான் ஆரம்பித்தது. இப்போது நிஜமாகவே கூப்பிடுகிறார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போகிறேன். மாடி ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிற பெண்ணை நினைத்தால் மாட்டேன் என்று சொல்ல வாய் வருவதில்லை.

போன ஆவணியில் மணிமுத்தாறு பக்கம் ஒரு வீடு. பிரேக்கை நன்றாகச் சோதித்துவிட்டு, சக்கரத்தின் பக்கமே குனியாமல், மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனேன். சரியாக வாசலுக்கு நேரே, கோடு போட்ட மாதிரி வண்டியை நிறுத்தினேன். எல்லாரும் இறங்கி உள்ளே போனார்கள். பெண்ணின் அம்மா மட்டும் கூப்பிய கையை இறக்காமல், வாடின முகத்தோடு என் ஜன்னல் அருகே வந்தார்.

"என்ன தம்பி, இங்கனயே நிறுத்திட்டீங்க? எதுத்த வயலுக்கு நேத்தே தண்ணி கட்டி வச்சிருக்கோமே."