கோஸ்தானுக்கு நான் சொன்ன விளக்கம்

படித்ததைக் காட்டிக்கொள்ள இடம் பொருள் ஏவல் பார்க்காத ஜென்மங்களில் நானும் ஒருத்தி. அந்த நாளை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

அக்காவுக்கு நிச்சயதார்த்தம். போர்டிக்சன் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் வீடு. மாப்பிள்ளை வீட்டார் மம்பாவிலிருந்து காரில் வந்தார்கள். எங்கள் லைன் வீட்டு வரிசையில் வண்டி திருப்ப இடமில்லை, பின்பக்கமாகத்தான் வர வேண்டும். பாதையோரம் இடுப்பளவு லோங்காங் (வெறும் சாக்கடை என்றால் அதற்கு மரியாதைக் குறைவு). அதனால் வீட்டு ஆள் ஒருவர் பின்னால் நின்று கையசைத்து, "கோஸ்தான், கோஸ்தான்" என்று வண்டியை உள்ளே கொண்டுவருவது வழக்கம். வளைவில் கையை உயர்த்தி நிறுத்த வேண்டும். அப்பா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

ஓட்டியவர் மாப்பிள்ளையின் அப்பா. முன்னாலேயே இறங்கிவிட்ட மாப்பிள்ளையின் தாய்மாமன் என் அருகில் வந்தார்.

"பாப்பா என்னா படிக்குது?"

"இங்கிலீஷ் டீச்சருக்கு, மாமா."

"அப்ப இந்த கோஸ்தான்னா என்னாம்மா? மலாய்தானே?"

விடுவேனா! "இல்ல மாமா. கப்பல்காரங்க பேசின இங்கிலீஷ். 'கோ ஆஸ்டர்ன்'. ஆஸ்டர்ன்னா பின்பக்கமா. கப்பல் பின்னால போறதுக்கும் சொல்லலாம், கப்பலுக்குப் பின்னால ஒன்னு வர்றதுக்கும் சொல்லலாம்."

"ஓ" என்றார். புத்தியுள்ளவள் அதோடு நிறுத்தியிருப்பாள். நான் காருக்கு முதுகைக் காட்டி நின்று, கப்பல் எப்படிப் பின்னால் போகும் என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அந்தக் கை கார்க் கண்ணாடியில் 'வா, வா' என்று தெரிந்திருக்கிறது.

தடால்!

காரின் பின்பாதி லோங்காங்கில். மாப்பிள்ளையின் அம்மாவை வெளியே தூக்கியபோது அவர் மடியிலிருந்த தட்டு சரிந்தது. நிச்சயப் பட்டு கறுப்புத் தண்ணீரில் மிதந்தது. "சகுனமே சரியில்லையே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டபடி ஓடினார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஜன்னலில் அக்கா, கண் நிறைய தண்ணீரோடு. அவள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். செத்துப்போகலாம் போலிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா முழங்கால்வரை சேற்றோடு ஏறி வந்தார். "யாரு கை காட்டுனது?"

"நான்தான் மாமா."

"கப்பல் எப்படி கோஸ்தான் போவும்னு காட்டுச்சுலா" என்றார் தாய்மாமன்.

மாப்பிள்ளையின் அப்பா என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "கப்பல்னா தண்ணியிலதானே போய் நிக்கும்! வாங்க, நேரமாவுது, தட்ட மாத்துவோம்."

என் அப்பாவின் கைலியைக் கட்டிக்கொண்டுதான் அவர் தட்டு மாற்றினார். அக்கா பழைய சேலையிலேயே உட்கார்ந்தாள். அன்று அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் மாமனாரின் புதுக் காரில் பின்னால் பார்க்க கேமராகூட உண்டு. ஆனாலும் நான் வாசலில் நின்றால் மனிதர் காரை நிறுத்திவிடுவார்.

"டீச்சரம்மா, மொதல்ல கையக் கட்டுங்க."

கட்டிய பிறகுதான் கோஸ்தான் போடுவார்.