சாட்சிகள் குடித்த டீ

அன்பும் பயமும் கலந்த மரியாதைக்குரிய செல்லதுரைப் பெரியப்பாவுக்கு, கெஸியா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் கோத்தகிரியில் நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் ஓய்வுபெற்ற காவலர் சங்கத்தின் கூரைக்குத்தான் சுகமில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரில் படுத்திருக்கும் நீங்கள் இதை ஆன்சி அக்காவை வாசிக்கச் சொல்வீர்கள். அக்கா, சிரிக்காமல் வாசி.

"பொருளாளர் பதவி போயிராம பாத்துக்க பாப்பா" என்று பதினான்கு வருடக் கணக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்களே, ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் மற்ற எட்டுப் பேரும் மப்ளரோடு உட்கார்ந்து, கூரைத் தகரம் மாற்றச் சேர்த்த பணம் எங்கே என்று கேட்க, நான் வாசிக்க ஆரம்பித்தேன். 2012இல் கணக்கு நோட்டு வாங்கியது பதினெட்டு ரூபாய், ஆனால் உங்கள் போலீஸ் வழக்கப்படி ஒவ்வொரு செலவுக்கும் இரண்டு சாட்சி, வந்த சாட்சிக்கு டீயும் வர்க்கியும், அந்த டீயும் செலவுதானே, அதற்கு வேறு இரண்டு சாட்சி, அவர்களுக்கும் டீ, இப்படியே போய் நாலாவது சுற்றில் ஆள் தீர்ந்ததால்தான் செலவு தொண்ணூறு ரூபாயில் நின்றது. 2016இல் பணப்பெட்டிக்கு அறுபது ரூபாயில் பூட்டு, அன்று பெட்டிக்குள் இருந்தது நாற்பது ரூபாய். 2019இல் சாவி தொலைந்து மூன்று நாள் விசாரணை, டீச் செலவு நானூற்றுப் பத்து, சாவி கிடைத்தது உங்கள் சட்டைப் பையில். இப்போது மொத்த இருப்பு இருநூற்று இருபது.

தலைவர் வேலன் தாத்தா மீசையைத் தடவினார். "ஏனம்மிணி, அப்பத் திருடன் யாரு?"

"திருடனே இல்லீங் தாத்தா. சாட்சிதான் எட்டுப் பேருங்க."

மேலேயிருந்து ஒழுகிய தண்ணீர் பக்கெட்டில் சொட்டியது. பழனியாண்டி தாத்தாதான் வாயைத் திறந்தார்: "சாட்சியே இல்லாத கேசு ஆயிரம் பாத்திருக்கறனுங்க. சாட்சி மட்டுமே இருக்கற கேசு இதுதானுங்க மொதத் தடவ!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், உங்கள் பதவியும் தப்பித்தது. இனிமேல் சங்கக் காசில் டீ கிடையாது, அவரவர் பிளாஸ்க் கொண்டுவர வேண்டும், கூரைக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் என்று தீர்மானம். நிம்மதியாகச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு என் தோத்திரம், அக்காவுக்கு ஒரு கொட்டு.

இப்படிக்கு,
தற்காலிகப் பொருளாளர் கெஸியா

பி.கு.: அந்தத் தீர்மானத்துக்கும் எட்டுப் பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே நல்ல மழை, யாரிடமும் பிளாஸ்க் இல்லை. பெட்டியில் மறுபடியும் நாற்பது ரூபாய். வர்க்கி மொறுமொறுவென்று இருந்தது; ஒன்பதாவது சாட்சி நான்தான்.