முக்கால்வடையும் புதுப் பொட்டியும்

கம்ப்யூட்டரின் வேகத்தை வடையால் அளந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தேனி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். கடை போர்டில் அவர் பெயர் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் முக்கால்வடை.

ஸ்விட்சைப் போட்டதும் பக்கத்து டீக்கடை உளுந்து வடையைக் கடிக்க ஆரம்பிப்பார். திரை தயாராவதற்குள் எவ்வளவு தின்றாரோ, அதுதான் அந்த மிஷினின் வேகம். முக்கால் வடைக்குள் வந்தால்தான் நல்ல மிஷின் என்பார், பெயர் வந்தது அதில்தான். என் வீட்டுக் கம்ப்யூட்டர் இரண்டரை வடை. "இதை இனிமே எங்கிட்ட கொண்டாராத தம்பி, எனக்குக் கொலஸ்ட்ரால் ஏறுது" என்று சொல்லிப் பழைய சாமானுக்குப் போடவைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் டிபன் டப்பா அளவில் மினி கம்ப்யூட்டர்கள் வந்தன. மின்னல் வேகம் என்றது விளம்பரம். உள்ளே வெறும் செல்போன் போர்டு, மதியம் மூணு மணி வெயிலுக்குத் தானாகப் படுத்துவிடும் என்றது பஜார். அவர் இரண்டையும் நம்பவில்லை.

"படுத்ததை நீ பாத்தியா?" என்று என்னைக் கேட்டார்.

"கம்பத்துல ஒருத்தருக்குப் படுத்துச்சாம்ண்ணே."

மனிதர் கம்பத்துக்கு பஸ் ஏறிவிட்டார். கம்பத்துக்காரர் போடியைக் கைகாட்டினார். போடிக்காரர் சின்னமனூரைச் சொன்னார். சின்னமனூரில் ஒருவர் இவரை யாரென்று தெரியாமலே விளக்கினார்: "தேனியில வடை தின்னுக்கிட்டே டெஸ்ட் பண்ணுவாராமே, அவரு கடையிலதான் படுத்துச்சுன்னு சொன்னாக."

வந்த ஆத்திரத்தில் அந்தப் புதுப் பொட்டி ஒன்றை வாங்கித் தகரக் கொட்டகையில் வைத்து, ஒரு கல்யாண வீடியோவை ஓடவிட்டு, பகல் முழுக்கக் கூடவே உட்கார்ந்தார். பொட்டி படுக்கவில்லை. அவர்தான் படுத்தார். இரண்டு நாள் இளநீரிலேயே ஓடியது.

என் மகளின் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் விரும்பும் கல்லூரிகளை ஆன்லைனில் வரிசை போட்டு உறுதி செய்ய அன்று கடைசி நாள், மாலை ஐந்து மணிவரைதான். "அந்தப் பொட்டியில மட்டும் போடாதீக" என்றாள் மனைவி. மற்ற கடைகளில் கால் வைக்க இடமில்லை. முக்கால்வடையிடமே போனோம். அவர் மகளை அந்தப் பொட்டியின் முன்னால்தான் உட்காரவைத்தார். நாலரைக்குத் திரை இருண்டது.

"எல்லாரும் சொன்னாகளேண்ணே, கேக்காம வந்துட்டேனே" என்று கத்திவிட்டேன். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவர் பொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. மானிட்டர்தான் போச்சு. பாப்பா, எதையும் தொடாம இங்கனயே இரு."

போனவர் டீக்கடை டிவியோடு திரும்பினார். பின்னாலேயே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த எட்டுப் பத்துப் பேரும், டீ கிளாஸோடு வந்து சேர்ந்தார்கள். வயரை மாட்டினார். மகளின் பட்டியல் ஒரு வரி குறையாமல் பெரிய திரையில் நின்றது. அத்தனை பேர் முன்னிலையில் அவள் பட்டனை அழுத்த, உறுதியானது என்று வந்தது. சிக்ஸர் அடித்ததுபோல் கைதட்டினார்கள்.

"முக்கால் வடை நேரந்தான் ஆச்சு" என்றார் அவர்.

மகள் இப்போது இரண்டாம் வருஷம். முக்கால்வடைக்கு டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தை அடியோடு நிறுத்திவிட்டார். அதனால் புது மாடல் வந்தால் எனக்கு போன் வரும். நான் தின்பேன், அவர் என் வாயையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பார். எனக்கு உளுந்து வடை சுத்தமாகப் பிடிக்காது என்பதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை.