எனக்குப் பதிலாக ஓம் சொன்ன கணினி

எனக்கு வேலை செய்யப் பிடிக்காது. சொல்ல வெட்கம்தான். ஆனால் வேலை செய்யாமல் தப்புவதற்காக நான் பட்ட பாட்டை வேலையிலேயே காட்டியிருந்தால், இன்றைக்கு அந்தக் கம்பனிக்கே முதலாளியாகியிருப்பேன்.

அப்போது திருகோணமலையில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எனக்கு உத்தியோகம். கப்பல் வருவது எப்போதாவது. (வராத நாட்களில் வாசலில் மேயும் மான்களை விரட்டுவோம்.) ஈமெயில் வருவதோ ஓயாமல். எல்லாம் கொழும்பிலிருந்த எங்கள் மனேஜர் அனுப்புவது: காலை வணக்கம், வெற்றிக்கு வழி, நேரத்தின் அருமை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும் என்பது கட்டளை. நேரத்தின் அருமைக்குப் பதில் போட்டே எங்கள் நேரம் போனது.

ஒருநாள் மெயில் புரோகிராமைக் கிண்டிக்கொண்டிருந்தபோது ‘ரூல்’ என்று ஒன்று கண்ணில் பட்டது. இன்னாரிடமிருந்து மெயில் வந்தால் இன்ன பதிலை அனுப்பு, பிறகு அதை ஓரத்தில் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளு என்று சொல்லிவைத்தால் அது தன்பாட்டில் செய்யும். நான் எழுதிவைத்த பதில் இதுதான்: ‘ஓம் சேர். மிக்க மகிழ்ச்சி. அப்படியே செய்கிறேன்.’ (ஆங்கிலத்தில்தான். தமிழில் இவ்வளவு குனிய எனக்கு வராது.)

பக்கத்து மேசை நசார், கிண்ணியாக்காரன், எட்டிப் பார்த்தான்.

“மச்சான், கப்பல் விசயமா ஏதும் வந்தா?”

“கப்பல் எண்ட சொல் இருந்தா ஒதுக்காத எண்டும் போட்டிருக்கிறன்.”

“வேற ஏதும் முக்கியமா எழுதினா?”

“அந்த மனிசன் எந்தக் காலத்தில முக்கியமா எழுதினவர்?”

அடுத்த கூட்டத்தில் மனேஜர் என்னை எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்ட வைத்தார். உடனுக்குடன் பதில் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லையாம். நானும் வெட்கமில்லாமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

வீட்டிலும் நல்ல காலம்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் மனைவி சுகந்திக்கு மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை வேலை, எனக்குத் திருகோணமலை. விடுமுறைக்கு விடுமுறை முகம் பார்க்கும் குடும்பம். அவள் கல்விக் கந்தோர்களுக்கெல்லாம் ஏறி இறங்கி, ஒருவழியாகத் திருகோணமலைக்கே மாற்றம் எடுத்துவிட்டாள். அலுமாரி, கதிரை எல்லாம் வாங்கி வாடகை வீட்டில் குடியேறினோம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

குடியேறிய கிழமையே, வடக்கே தொலைவிலிருந்த எங்கள் புல்மோட்டைக் கிளையிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, நீங்களாம் இஞ்ச பொறுப்பெடுக்க வாறியள். கந்தோருக்குப் பின்னால அறை ஒண்டு கிடக்கு, தங்கலாம்.”

அந்த ஓரத்து ஃபோல்டரைத் திறந்தேன். உபதேசங்களுக்கு நடுவே கிடந்தது. புல்மோட்டையில் தங்கி வேலை பார்க்க யாருக்கு விருப்பம் என்று மனேஜர் எல்லாரிடமும் கேட்டிருந்தார். நசாருக்கு அன்றைக்கென்று முதுகுவலியாம். மற்றவர்களும் ஆளுக்கொரு சாட்டுச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மட்டும் மிக்க மகிழ்ச்சி.

உடனே உருகி உருகி ஒரு மறுப்பு எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை, அதோடு சேர்த்துச் சனி, ஞாயிறு. கணினியையும் நிறுத்தவில்லை, ரூலையும் நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன். (மூளை என்று ஒன்று இருந்தால்தானே!)

மனேஜரும் லீவில் போகும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு ரூல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்களிடமிருந்து எது வந்தாலும் ‘நன்றி. உமது ஆர்வம் பாராட்டத்தக்கது’ என்று தானாகப் பதில் போகும். என் மறுப்புக்கு அது நன்றி சொன்னது. அந்த நன்றிக்கு என் கணினி ‘ஓம் சேர்’ என்றது. அந்த ஓமுக்கு அது மறுபடியும் நன்றி சொன்னது. நானும் மனேஜரும் அவரவர் வீட்டில் நித்திரை கொள்ள, இரண்டு மெசினும் லீவு முழுக்க ஒன்றையொன்று கும்பிட்டுக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை காலையில் மனேஜருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“சேர், புல்மோட்டைக்குப் போக ஏலாது எண்டு ஒரு மெயில் போட்டனான்...”

“என்ன ஏலாது? உம்மட மெயிலால இஞ்ச பெட்டி நிரம்பி வழியுது! எல்லாத்திலயும் மிக்க மகிழ்ச்சி. ஒரு மனிசனுக்கு இவ்வளவு ஆசை இருந்தா நான் எப்பிடித் தட்டுறது?”

“அது நான் இல்ல சேர், கணினி தானா அனுப்பினது.”

மனேஜர் உடனே பிடித்துக்கொண்டார்.

“அப்ப இவ்வளவு நாளும் நான் அனுப்பினது ஒண்டையும் நீர் வாசிக்கேல்லையோ?”

வாசிக்கவில்லை என்றால் வேலை போகும். வாசித்தேன் என்றால் வீடு போகும்.

“வாசிச்சனான் சேர். மிக்க மகிழ்ச்சி சேர். போறன் சேர்.”

இந்த முறை மெசின் ஒன்றும் செய்யவில்லை. நானேதான் சொன்னேன்.

சுகந்தி குசினிக்குள் நின்று முழுக்கதையையும் கேட்டாள். “நான் உங்களோட இருக்கவெண்டு மாற்றம் எடுத்து வந்தனான். இனி ஆரோட குடும்பம் நடத்துறது, இந்த அலுமாரியோடயோ?” என்றாள். அன்றைக்கு என் மீது எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு வருடம் புல்மோட்டையில் தனியே சமைத்து, தனியே கருக்கித் தின்றேன்.

இப்போது எங்களுக்கு ஒரு மகள். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் கதிரையில் இருக்கும் முன்னரே தொடங்கிவிடுவாள். “அம்மா வீட்டுக்கு வந்த கிழமையே அப்பா புல்மோட்டைக்கு விரும்பி ஓடினவர்.”

வந்தவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் கணினி, ரூல், மனேஜர் என்று விளக்கத் தொடங்குவேன். சுகந்தி தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே அமைதியாகச் சொல்லுவாள்:

“விரும்பித்தான் போனவர். எழுத்தில இருக்கு.”