சேலத்தில் என் கை நனைந்த விவரம்

புதுச்சத்திரம்,
15-6-1982, செவ்வாய்க்கிழமை.

ஆத்தூரில் இருக்கும் மகாராஜராஜஸ்ரீ வெள்ளியங்கிரி மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, புதுச்சத்திரம் சென்னியப்பன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை பாவாயியும் எருமைகள் இரண்டும் சுகமாக இருக்கிறோம். அங்கு அக்கா, குழந்தைகள், அரிசி மில், மில்லின் பெல்ட் வரைக்கும் எல்லாம் நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். மழை நம் பக்கம் இரண்டு தூறல் போட்டுப் பேர் பண்ணிவிட்டுப் போனது, இருந்தாலும் சோளம் முளைத்துவிட்டது. இவ்வளவும் நல்ல செய்தி. இனிமேல் எழுதப்போவதை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். மில்லில் நின்றபடி படிக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை நம் பையன் சரவணமுத்துவுக்கு ஜவ்வரிசி மில்காரர் பெண்ணை உறுதி செய்து உப்புச் சர்க்கரை மாற்றுவதாக ஏற்பாடு செய்திருந்தீர்கள் அல்லவா, அதை நிறுத்திவைக்க வேண்டியதாகிவிட்டது. காரணம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேலம் குகைப் பகுதியில் நாச்சிமுத்து வீட்டில், எனக்குத் தெரியாமல், என் வலது கை நனைந்துவிட்டது. எந்த நாச்சிமுத்து என்று கேட்பீர்கள். அதே நாச்சிமுத்துதான். பரமத்திப் பக்கம் இருந்த காடு தோட்டத்தை விற்றுவிட்டுச் சேலத்தில் வந்து மெஸ் நடத்துகிறவர். நம் பையன் ரயில்வே ஆபீசில் சேர்ந்த நாளாக, மூன்று வருஷமாக, அங்கேதான் சாப்பிடுகிறான். சூரமங்கலத்தில் குடியிருக்கிறவன் டவுன் பஸ் ஏறிக் குகைக்குப் போய்ச் சோறு தின்கிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. பொங்கலுக்கு வந்தபோது, நாச்சிமுத்து மகள் தெய்வநாயகியைக் கட்டிக்கொள்கிறேன் என்று வாய் திறந்தான். நீங்கள், “காட்ட வித்துப்போட்டுச் சோறு விக்கிறவன் ஊட்டுலயா சம்பந்தம்?” என்று ஒரு வார்த்தை கேட்டீர்கள், அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று உங்கள் கையைப் பிடித்து நான் சொன்னதையும் மறக்கவில்லை.

பெண் கேட்கிற வீட்டில் முடிவு சொல்லுமட்டும் பச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும் என்கிற நம்மவர் வழக்கத்தை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் உங்கள் பெரியவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், உள்ளே வடை சுடுகிற வாசனையைப் பொறுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடித்து உட்கார்ந்திருந்தோம். அப்படிப்பட்ட கட்டுப்பாட்டுக்காரனான எனக்கு இது எப்படி நேர்ந்தது என்பதை ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன்.

ஆத்தூர் ஏற்பாட்டைப் பையனிடம் நேரில் சொல்லிவிட்டு வரும்படி பாவாயி என்னைச் சனிக்கிழமை பஸ் ஏற்றிவிட்டாள். அவன் அறையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். “சரிங்கப்பா” என்றான். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை தனக்கு ட்யூட்டி இருப்பதாகவும், நான் ஒற்றையாய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாமென்று வெங்கடாசலம் என்பவரிடம் என் பேரைக் கொடுத்திருப்பதாகவும் சொன்னான். இந்த வெங்கடாசலம் அம்மாபேட்டை நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா வீட்டில் இருந்தால் வீட்டுக்காரம்மாவுக்கு ஆகாது என்பதாலோ என்னவோ, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சேலத்துப் பழைய பேட்டைகளை நடத்தியே சுற்றிக் காட்டி, அங்கங்கே அந்தந்த இடத்துப் பலகாரத்தையும் தின்னவைத்து அனுப்புகிறார். எனக்கு இது பிடிபடவில்லை. நடக்கிறவன் நடக்கணும், தின்கிறவன் உட்காரணும், நடந்துகொண்டே தின்பது ஆட்டு மந்தை செய்கிற காரியமாச்சே என்று பையனிடம் கேட்டேன். போய்த்தான் பாருங்கள் என்றான்.

காலை ஏழு மணிக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் முன்னால் கூடினோம். மெட்ராஸ் பாங்கிக்காரர் ஒருவர், அவர் சம்சாரம், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர், நான். வெங்கடாசலம் கழுத்தில் விசிலும் கையில் கறுப்புக் குடையுமாக நின்றார். குடையைப் பார்த்து நடக்கணும், விசில் கேட்டால் நிற்கணும் என்று உத்தரவு போட்டார். முதல் கோளாறு அங்கேயே ஆரம்பம். சாமி கும்பிட்டு வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். அது கிடந்த இடத்தில் வேறொரு ஜோடி கிடந்தது, இரண்டும் இடது கால். வேறு வழியில்லாமல் அதை மாட்டிக்கொண்டு நடந்ததில், நான் நேராகப் போகிறேன் என்று நினைத்தாலும் கால் என்னவோ சாக்கடைப் பக்கமாகவே இழுத்தது. இரண்டாவது கோளாறு முதல் கடையில். காலைப் பலகாரம் இதுதானாக்கும் என்று நினைத்து எட்டு இட்லி சாப்பிட்டேன். கை கழுவின பிறகு, இன்னும் ஏழு கடை பாக்கி இருக்கிறது என்கிறார் மனுஷன். மற்றவர்கள் ஒரே இட்லியைப் பிட்டுப் பிட்டு ருசி பார்த்துக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. போதும், எனக்கு வேண்டாம் என்று சொல்லலாமென்றால் அவருடைய பழைய உத்தியோகம் அவரை விடவில்லை. தட்டில் யாராவது மிச்சம் வைத்தால், டிக்கெட் இல்லாமல் ஏறினவரைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். நான் அரசாங்கத்துக்குப் பயந்தவன், கொடுத்ததையெல்லாம் தின்றேன்.

சின்னக்கடை வீதியில் தட்டுவடை செட் என்று ஒன்று கொடுத்தார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் துருவி வைத்து, சிவப்புச் சட்னி ஒரு பக்கம் பச்சைச் சட்னி ஒரு பக்கம் தடவி மூடித் தருகிறார்கள். முழுசாய் வாயில் போட வேண்டுமாம், யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் கடித்தேன். பாதி வாய்க்குள் போனது, பாதி நான் போட்டிருந்த புதுத் துண்டின்மேல் போனது. அக்ரஹாரத்தில் ஒரு சுவரைக் காட்டி, இங்கேதான் வெள்ளைக்காரக் கலெக்டர் குதிரையைக் கட்டினார் என்று சொன்னார் வெங்கடாசலம். ஆற்றுப் பாலம் தாண்டிச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்ததும் வேறொரு சுவரில் அதே குதிரையைக் கட்டினார். இதென்னங்க, அங்கேயும் குதிரை இங்கேயும் குதிரை என்று ஈரோட்டுக்காரர் கேட்டதற்கு, குதிரை ஒரே இடத்தில் நிற்குமா என்று திருப்பிக் கேட்டார்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஆளுக்கொரு குண்டு மாம்பழம். அதைத் தின்றுவிட்டு, வெள்ளிக் கொலுசு செய்கிற பட்டறை ஒன்றின் வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தேன். சின்னச் சின்னச் சலங்கையை ஊதி ஊதி ஒட்டுகிறார்கள், கண்ணை எடுக்க முடியவில்லை. நிமிர்ந்தால் நம்மாட்களைக் காணோம். தூரத்தில் கறுப்புக் குடை ஒன்று போனது, பின்னாலேயே போனேன். அது ஒரு வரிசையில் போய் நின்றது, நானும் நின்றேன். இவ்வளவு கூட்டம் நிற்கிறதே, ஏதோ பெரிய பலகாரமாகத்தான் இருக்கும், நிறைந்த வயிற்றில் இதை எங்கே வைப்பது என்று கால் மணி நேரம் கவலைப்பட்டேன். முன்னால் நின்ற அம்மா, “ஏனுங்க, நீங்க கேன் கொண்டுக்கிட்டு வரலீங்களா?” என்று கேட்ட பிறகுதான் அது ரேஷன் மண்ணெண்ணெய் வரிசை என்று தெரிந்தது. வெங்கடாசலம் விசில் ஊதிக்கொண்டு வந்து என்னை மீட்டுப் போனார்.

எட்டாவது கடையோடு மற்றவர்கள் விடைபெற்றுப் போய்விட்டார்கள். இனிமேல்தான் மச்சான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வெங்கடாசலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வாய் ரசம் குடித்தால் வயிறு லேசாகும் என்று சொல்லிக் குகைப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். ஒரு சந்தில் திரும்பினார், இன்னொரு சந்தில் நுழைந்தார், ஒரு வீட்டின் பின்வாசல் வழியாக உள்ளே விட்டார். போர்டு ஒன்றும் இல்லை. யாரோ தண்ணீர் ஊற்றினார்கள், கையை நீட்டினேன். இலை போட்டிருந்தது, உட்கார்ந்தேன். இதெல்லாம் பழக்கதோஷம். அரிசிம்பருப்புச் சோறும் பச்சைப்புளி ரசமும் வந்தது. பரிமாறிய பெண் என் முகத்தைப் பார்த்தது, துண்டிலிருந்த பச்சைச் சட்னியைப் பார்த்தது, மூன்று விரலில் அள்ளுகிற அளவுக்குச் சோறு வைத்து நிறுத்திக்கொண்டது. “காத்தால இருந்து தின்னு களச்சுப்போயிருக்கறீங்க. இதுக்கு மேல வெச்சா ஒடம்புக்கு ஆகாதுங்க” என்றது. எட்டுக் கடையில் ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சோறு பாவாயி ஆக்குகிற மாதிரியே இருந்தது. ரசத்தை நான் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினேன் என்று வெங்கடாசலம் சொல்கிறார், எனக்கு ஞாபகமில்லை. அந்தச் சமயம் பார்த்து நாச்சிமுத்து உள்ளேயிருந்து வந்து இரண்டு கையும் கூப்பி நின்றார். பரிமாறியது அவர் மகள் தெய்வநாயகிதான். எனக்குக் கையிலும் சோறு, வாயிலும் சோறு. என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

நான் வாதாடாமல் விடவில்லை. இது மெஸ், மெஸ்ஸில் தின்றால் கை நனைத்ததாகாது, அப்படிப் பார்த்தால் சேலத்து லாரி டிரைவர்களில் பாதிப் பேர் உங்களுக்குச் சம்பந்தியாச்சே என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவுங்க என்று சொல்லி, முன்பக்கம் கூட்டிப்போய் மெஸ் கதவில் தொங்கிய பூட்டைக் காட்டினார் நாச்சிமுத்து. அன்றைக்கு வெந்தது வீட்டுச் சோறு. சரி, வெங்கடாசலத்தின் பட்டியலில் இதுவும் ஒரு கடைதானே என்று அவர் பக்கம் திரும்பினேன். தன் பட்டியலில் எட்டுக்கு மேல் கிடையாது என்று நோட்டை விரித்துக் காட்டினார். இத்தனை வருஷம் டிக்கெட் பார்த்தவர், ஒன்றைக் கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார்.

ஆகவே மச்சான், இது பையனும் வெங்கடாசலமும் சேர்ந்து செய்த சதி. என் பிசகு இதில் எள்ளளவும் இல்லை என்பதை இந்நேரம் தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஆனால் எப்படி நனைந்தாலும் நனைந்தது நனைந்ததுதான். சோற்றைத் தின்றுவிட்டுப் பின்வாங்கினான் சென்னியப்பன் என்று பேர் வந்தால் நாளைக்கு நம் வீட்டில் யார் வந்து தண்ணீர் குடிப்பார்கள்? மில்காரரிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லி, எதிர்பாராத விபத்து என்று சமாதானம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திருச்செங்கோட்டு ஆண்டவன் கிருபையால் உங்கள் மில் கரண்டு போகாமல் ஓடவும், அக்காவின் முட்டிவலி இறங்கவும், குழந்தைகள் பரீட்சையில் தேறவும் வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சென்னியப்பன்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் பாவாயி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். “எட்டுக் கடையில தின்னுபோட்டு வவுத்துல எடமில்லாத மனுசன், எதுக்குங்க எலையில போயி உக்காந்தீங்க?” எங்கண்ணனுக்குப் பொய் எழுதாதீங்க என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டாள். அதனால் மேலே எழுதியதில் செருப்பு, இட்லி, மண்ணெண்ணெய் வரிசை இவைகளை மட்டும் உண்மையாக வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். பையன் ஒரு சதியும் செய்யவில்லை. எட்டாவது கடையில் வெங்கடாசலத்தைத் தனியாகக் கூப்பிட்டு, நாச்சிமுத்து மெஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டது நான். சனிக்கிழமை பையன் ‘சரிங்கப்பா’ என்று சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை மச்சான். மாட்டேன் என்று சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். பிறந்ததிலிருந்து அவன் நம்மிடம் கேட்டது இது ஒன்றுதான், அதையும் கேட்ட அன்றைக்கே விட்டுக்கொடுத்துவிட்டான். பின்வாசலும் பொய், நான் போனது மெஸ்ஸை ஒட்டிய வீட்டின் முன்வாசல். நாச்சிமுத்து வாசலிலேயே குறுக்கே நின்று சொன்னார்: “ஏனுங்க, இது நாச்சிமுத்து ஊடுங்க. தெரியாம வந்துட்டமேன்னு நாளைக்கு நீங்க வருத்தப்படக் கூடாது. வேண்டாம்னா இப்பிடியே திரும்பிக்குங்க, நாங்க மனசுல வெச்சுக்க மாட்டமுங்க.” அப்படிச் சொல்கிற மனுஷனைக் காடு இல்லாதவர் என்று நான் எப்படித் திரும்பி நடப்பேன்? உங்களுக்குக் கோபம் வந்தால் என்மேல் மட்டும் வரட்டும். “எலையப் போடச் சொல்லுங்க, சம்பந்தி” என்று அந்த வாசலில் முதலில் சொன்னவன் நான்தான்.